முழுமைக் கல்வி: ஆசிரியர் பயிற்சியில் தொடங்காவிட்டால் எங்கும் தொடங்காது

கல்விக் கொள்கை அறிக்கை எதை எடுத்தாலும் ‘முழுமையான கற்றல்’, ‘முழுமையான வளர்ச்சி’ என்ற சொற்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டங்களிலும் அவை இடம்பிடித்துவிட்டன. பெற்றோருக்கும், ஆசிரியர் பயிற்சி பெற்றுவரும் மாணவ ஆசிரியர்களுக்கும், பல ஆண்டுகள் வகுப்பெடுத்த ஆசிரியர்களுக்கும்கூட ஒரே குழப்பம். இது விளையாட்டு வகுப்பைக் கூட்டுவதா? கலை விழா நடத்துவதா? நீதிபோதனையா? கணக்குப் பாடத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

குழப்பம் நியாயமானதுதான். சொல் பரவிய வேகத்தில் பொருள் பரவவில்லை. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘ஹோலிஸ்டிக்’ என்ற சொல்லின் வேர், ‘முழுவதும்’ எனப் பொருள்படும் ‘ஹோலோஸ்’ என்ற கிரேக்கச் சொல். தென்னாப்பிரிக்கரான யான் ஸ்மட்ஸ் 1926இல் வெளியிட்ட நூலில், உறுப்புகளைத் தனித்தனியே கூட்டினால் கிடைப்பதைவிட முழுமை பெரியது என்ற கருத்துக்கு இந்த வேரிலிருந்தே பெயர் சூட்டினார். ஆனால் கல்வியில் இந்த எண்ணம் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. சுவிட்சர்லாந்தின் கல்வியாளர் பெஸ்டலோட்சி (1746–1827), குழந்தையின் தலை, இதயம், கை மூன்றும் சேர்ந்து வளர வேண்டும் என்றார். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1896இல் சிகாகோவில் தொடங்கிய சோதனைப் பள்ளியில் சமையலும் தச்சும் நெசவும் அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் வாசலாயின. தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் பள்ளியைத் தொடங்கினார். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த கல்வித் திட்டம் கைத்தொழிலையே படிப்பின் நடுவில் வைத்தது. யுனெஸ்கோவுக்காக ஜாக் டெலோர் தலைமையிலான குழு 1996இல் அளித்த அறிக்கை, அறியக் கற்றல், செய்யக் கற்றல், சேர்ந்து வாழக் கற்றல், தானாக இருக்கக் கற்றல் என நான்கு தூண்களைக் குறிப்பிட்டது.

இவர்கள் ஒருவரோடொருவர் பலவற்றில் மாறுபட்டவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் பொதுவான அடித்தளம் ஒன்று உண்டு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தை ஒரே நேரத்தில் நான்கு காரியங்களைச் செய்துகொண்டிருக்கிறது:

1. எதையோ புரிந்துகொள்கிறது, அல்லது தவறாகப் புரிந்துகொள்கிறது.
2. எதையோ உணர்கிறது: ஆர்வம், பயம், சலிப்பு, வெட்கம்.
3. உடலாலும் கையாலும் எதையோ செய்கிறது, அல்லது செய்யாமல் இருக்கிறது.
4. மற்றவர்கள் நடுவில் இருக்கிறது. அவர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனிக்கிறது.

இந்த நான்கையும் ஒரே பாடவேளையில் கண்ணில் வைத்துக் கற்பிப்பதே முழுமையான கற்பித்தல். புதிதாக ஒரு பாடவேளையைச் சேர்க்கும் திட்டம் என்று இதைப் புரிந்துகொண்டால் தொடக்கத்திலேயே தடம் மாறிவிடுவோம்.

## மூன்று களங்களில் ஒன்றுக்கே கவனிப்பு

ஆசிரியர் பயிற்சி பெற்ற யாரிடமும், கற்றலின் நோக்கங்களை வகைபிரிக்கும் புளூமின் வகைப்பாட்டைக் கேட்டால் சொல்லிவிடுவார்: அறிவுசார் களம், உணர்வுசார் களம், உடல்இயக்கக் களம். ஆனால் இந்த மூன்றும் ஒன்றாகப் பிறக்கவில்லை. பெஞ்சமின் புளூம் தலைமையிலான குழு அறிவுசார் களத்துக்கான கையேட்டை 1956இல் வெளியிட்டது. உணர்வுசார் களத்தின் கையேடு வர 1964 ஆயிற்று. உடல்இயக்கக் களத்துக்கு அந்தக் குழு கையேடே வெளியிடவில்லை. பின்னர் வேறு ஆய்வாளர்கள்தாம் அதை வகுத்தார்கள்.

பயிற்சி நிறுவனங்களிலும் இந்த வரிசையே நிலைத்துவிட்டது. பாடக்குறிப்பு எழுதும்போது மூன்று களங்களுக்கும் நோக்கம் எழுதப்படுகிறது. தேர்வில் முதலாவதுதான் அளக்கப்படுகிறது. எதை அளக்கிறார்களோ அதற்குத்தான் உழைப்பு போகிறது. மாணவ ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை.

## ஒரு பின்னக் கணக்கு

அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒரு மாணவி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறாள். வகுப்பெடுத்துப் பழக வந்திருக்கும் பயிற்சி ஆசிரியை, அதாவது மாணவ ஆசிரியர், அருகில் வந்ததும் விடையை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறாள். பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்க்கிறான்.

பயிற்சி ஆசிரியை சிவப்பு மையில் தவறு என்று குறியிட்டு, ‘பகுதியைச் சமப்படுத்து’ என்று சொல்லிவிட்டு நகரலாம். சொன்னது சரியான விதிதான். ஆனால் மாணவி மேலும் கீழும் தனித்தனியே கூட்டியது ஏன் என்பது அவருக்குத் தெரியாமலே போகும். மூடிய கை இன்னும் இறுக மூடும்.

இன்னொரு வழி இருக்கிறது. “எப்படிக் கண்டுபிடித்தாய், சொல்லேன்” என்று கேட்கலாம். மாணவி சொல்வாள். அந்தத் தவறு கண்மூடித்தனமானதன்று என்பது அப்போதுதான் தெரியும். ஒரு குழு முதலில் 2 ஆட்டம் ஆடி 1இல் வென்றது; பிறகு 3 ஆட்டம் ஆடி 1இல் வென்றது; மொத்தத்தில் 5க்கு 2 வெற்றி. இங்கே மேலும் கீழும் கூட்டுவதே சரி, ஏனென்றால் இரண்டு பின்னங்களும் வெவ்வேறு முழுமைகளைச் சேர்ந்தவை. கணக்கில் கேட்டிருப்பதோ ஒரே முழுமையின் இரண்டு பங்குகளை. “அரை பெரியதா, ஐந்தில் இரண்டு பெரியதா?” என்று அடுத்த கேள்வி. ஒரு தாள் துண்டை மடித்துப் பார்த்தால் ஐந்தில் இரண்டு பாதியை எட்டவில்லை என்று அவளே காண்பாள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைவது எப்படி? அதே அளவுள்ள இன்னொரு துண்டை ஆறு சமபாகமாக மடித்தால் மூன்று பாகமும் இரண்டு பாகமும் சேர்ந்து ஐந்து பாகம், விடை 5/6. எட்டிப் பார்த்த பையனையும் மடிக்கச் சொன்னால் அவன் பார்வையும் மாறும்.

இதற்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். புரிதல், உணர்வு, கை, கூட்டம் நான்கும் அதற்குள் அடங்கிவிட்டன. பாடமும் நீர்த்துப்போகவில்லை, பின்னம் என்றால் என்ன என்பது விதியை மனப்பாடம் செய்வதைவிட ஆழமாகப் பதிந்தது. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் பெயரிட்டுச் சொன்ன ‘பாடம் சார்ந்த கற்பித்தல் அறிவு’ இத்தகையதுதான்: பாடம் தெரிவது வேறு, அந்தப் பாடத்தில் குழந்தை எங்கே எதனால் இடறும் என்று தெரிவது வேறு. ‘முழுமைக் கல்வி வந்தால் பாட அறிவு குறையும்’ என்று அஞ்சுபவர்கள் இந்த ஒரு கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னத்தை ஆழமாக அறியாத ஆசிரியரால் அந்த மூடிய கையைத் திறக்கவைக்க முடியாது.

## பயிற்சி ஏன் பலிப்பதில்லை

அந்தப் பயிற்சி ஆசிரியை இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுப்பது ஏன் அரிதாக இருக்கிறது? அவருக்கு அக்கறை இல்லை என்பது காரணமன்று.

அமெரிக்கச் சமூகவியலாளர் டேன் லார்ட்டி 1975இல் எழுதிய நூலில் ஒரு கணக்கு வருகிறது. பள்ளிப் படிப்பை முடிக்கும்போது ஒருவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களின் நேரடிப் பார்வையில் கழித்திருப்பார். மருத்துவராக விரும்பும் ஒருவர் அவ்வளவு நேரம் அறுவைச் சிகிச்சையைப் பார்த்திருக்க மாட்டார். ஆசிரியராக விரும்புபவரோ பார்த்துப் பார்த்தே ஒரு தொழிலை மனத்தில் பதித்துக்கொண்டு பயிற்சிக்கு வருகிறார். அதிலும் மாணவர் இருக்கையிலிருந்து தெரிந்ததை மட்டுமே பார்த்திருக்கிறார். ஆசிரியர் ஏன் அந்தக் கேள்வியைத் தேர்ந்தார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதெல்லாம் அந்த இருக்கைக்குத் தெரியாது. இதை ‘கண்டு பழகிய தொழிற்பயிற்சி’ எனலாம்.

இப்போது தருக்கம் இப்படிப் போகிறது:

1. நெருக்கடியில் மனிதர் பழகியதைத்தான் செய்வார். வகுப்பறை என்பது நிமிடத்துக்கு நிமிடம் நெருக்கடி.
2. பழகியது 13,000 மணி நேரம். அதை எதிர்த்து நிற்பது ஓரிரு ஆண்டுப் பயிற்சி.
3. அந்தப் பயிற்சியும் விரிவுரையாகவே நடந்தால், அது பழைய பழக்கத்தை எதிர்ப்பதற்குப் பதிலாக அதற்கு மேலும் மணிநேரங்களைச் சேர்க்கிறது.

மூன்றாவது புள்ளிதான் இந்தக் கட்டுரையின் மையம். மாணவர் மையக் கல்வியைப் பற்றி ஒருவர் நாற்பத்தைந்து நிமிடம் பேச, எண்பது பேர் குனிந்து குறிப்பெடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் மாணவர் மையக் கல்வியின் இலக்கணம் இருக்கும். மனத்தில் பதிவது, முன்னால் நிற்பவர் பேச வேண்டும், மற்றவர்கள் எழுத வேண்டும் என்பதே. பயிற்சி தரும் முறையே அங்கே பாடமாகிவிடுகிறது.

கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து மதிப்பிடும் பயிற்றுநரின் கையில் இருக்கும் படிவத்தையும் பாருங்கள். அறிமுகம், குரல் தெளிவு, கரும்பலகை எழுத்து, துணைக்கருவிப் பயன்பாடு, வகுப்புக் கட்டுப்பாடு என்று நீளும் அந்த வரிசையில் எல்லாமே ஆசிரியர் செய்வது பற்றியவை. ‘இந்தப் பாடவேளையில் எந்தக் குழந்தை என்ன சொன்னது? அதை ஆசிரியர் எப்படி எடுத்துக்கொண்டார்?’ என்று கேட்கும் கட்டம் இல்லாத படிவங்கள் எத்தனையோ. அந்தப் படிவத்துக்காகத் தயாராகும் பயிற்சி ஆசிரியை மூடிய கையைக் காணாமல் போவதில் வியப்பில்லை.

## மூன்று விநாடி

அக்கறையுடன் கற்பிப்பதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா, அது பிறவிக் குணம் அல்லவா என்று சிலர் கேட்பார்கள். 1970களில் அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ செய்த ஆய்வு இதற்கு நல்ல பதில். வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த அவர், கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வி அடுத்தவருக்குப் போகும், அல்லது ஆசிரியரே பதிலைச் சொல்லிவிடுவார். காத்திருப்பை மூன்று விநாடியாக நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, மௌனமும் ‘தெரியாது’ என்ற பதிலும் குறைந்தன, மாணவர்கள் தாங்களே கேள்வி கேட்பது கூடியது. அதுவரை பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்டவர்களும் பேசினார்கள். அவர்களைப் பற்றி ஆசிரியர்கள் கொண்டிருந்த எண்ணமும் மாறியது.

மூன்று விநாடிக் காத்திருப்பு ஒரு திறன். பழகிப் பழகி வருவது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1963இல் உருவான நுண்ணிலைக் கற்பித்தல் இதற்கு ஏற்ற கருவிதான்: சிறிய குழு, சில நிமிடம், ஒரே ஒரு திறன், உடனே கருத்துரை. அதைப் பழையது என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பிழை எங்கே நேர்கிறது என்றால், வினா கேட்டல், வலுவூட்டல், விளக்குதல் என்று பிரித்துப் பழகிய திறன்களை மீண்டும் ஒரு முழுப் பாடத்தில் சேர்த்துப் பார்க்க நேரம் ஒதுக்காமல் விடுவதில்தான். பிரித்தது சேராமலே நின்றுவிடுகிறது.

## ஆசிரியரின் பயமும் பாடத்தில் கலக்கும்

குழந்தையின் உணர்வைப் பற்றிப் பேசுகிறோம், ஆசிரியரின் உணர்வு?

உளவியலாளர் சியான் பைலாக் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, முதல், இரண்டாம் வகுப்புகளைச் சேர்ந்த 17 ஆசிரியைகளையும் அவர்களுடைய மாணவர்களையும் பார்த்தது. ஆண்டின் தொடக்கத்தில், ஆசிரியையின் கணக்குப் பயத்துக்கும் மாணவர்களின் கணக்கு அடைவுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆண்டின் முடிவில், கணக்குப் பயம் அதிகமுள்ள ஆசிரியைகளின் வகுப்புகளில் ‘கணக்கு ஆண்பிள்ளைகளுக்கு வரும், வாசிப்பு பெண்பிள்ளைகளுக்கு வரும்’ என்று நம்பும் சிறுமிகள் கூடியிருந்தார்கள். அப்படி நம்பியவர்களின் கணக்கு அடைவும் குறைந்திருந்தது. சிறுவர்களிடம் இந்த விளைவு காணப்படவில்லை. சிறிய ஆய்வுதான், ஒன்றை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்யக் கூடாது. ஆனால் ஆசிரியர் பயிற்சிக்கு இது எழுப்பும் கேள்வி சிறியதன்று. கணக்கைக் கண்டு அஞ்சும் ஒருவர் அந்தப் பயத்தோடே பயிற்சியை முடித்து வெளியே வந்தால், அவர் கற்பிப்பதோடு அதுவும் சேர்ந்து வகுப்புக்குள் போகிறது.

ஆகவே மாணவ ஆசிரியர் தம் பள்ளிக்கால அனுபவத்தை எழுதிப் பார்ப்பதும், எந்தப் பாடம் எப்போது கசந்தது என்று பேசுவதும் பொழுதுபோக்கு அல்ல. அஞ்சிய பாடத்தை மறுபடி முதலிலிருந்து, இந்தத் தடவை தாள் மடித்து, தவறு செய்து, வெட்கப்படாமல் கற்பது பயிற்சியின் உயிரான பகுதி.

உணர்வுக்கு நேரம் கொடுத்தால் மதிப்பெண் குறையுமே என்ற கவலைக்கும் ஓரளவு பதில் இருக்கிறது. உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்பிக்கும் சமூக, உணர்வுசார் கற்றல் திட்டங்கள் 213ஐத் திரட்டி ஆராய்ந்து 2011இல் வெளியான தொகுப்பாய்வு, 2,70,000க்கும் மேற்பட்ட மாணவர்களை உள்ளடக்கியது. அவற்றில் பங்கேற்ற மாணவர்களின் பாட அடைவு, பங்கேற்காதவர்களைவிடச் சதமான வரிசையில், அதாவது நூறு பேரை வரிசைப்படுத்திப் பார்க்கும் அளவையில், 11 இடம் முன்னேறியிருந்தது. வெளியிலிருந்து நிபுணர் யாரும் வராமல், பள்ளியின் சொந்த ஆசிரியர்களே நடத்திய திட்டங்களும் பலன் தந்தன. ஆசிரியர் பயிற்சியில் இதற்கு இடம் வேண்டும் என்று வாதிடுபவர்களுக்கு இது துணைநிற்கும் சான்று.

## எதை எப்படி மாற்றுகிறார்கள்

முழுமைக் கல்வியை ஆசிரியர் பயிற்சிக்குள் கொண்டுவர முயலும் கல்வியாளர்கள் முக்கியமாக நான்கு இடங்களில் கைவைக்கிறார்கள்.

1. பள்ளியில் கழிக்கும் காலம். கோட்பாட்டைப் படித்து முடித்துக் கடைசியில் சில வாரம் பள்ளிக்கு அனுப்புவதற்குப் பதிலாக, தொடக்கம் முதலே இரண்டையும் பின்னுகிறார்கள். பின்லாந்தில் 1979 முதல் ஆசிரியராக முதுகலைப் பட்டம் தேவை. பல்கலைக்கழகங்களோடு இணைந்த பயிற்சிப் பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சி நடக்கிறது. அங்கே 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது பல பாடங்கள் இணைந்த கற்றல் தொகுதியில் பங்கேற்க வேண்டும் என்கிறது. இதை நடத்தத் தெரிந்த ஆசிரியரைப் பயிற்சி உருவாக்கியிருக்க வேண்டும். கொள்கையும் பயிற்சியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதற்கு இது எடுத்துக்காட்டு.

2. பாடத்தைக் கூடி ஆராய்தல். ஜப்பானில் நூறாண்டுக்கும் மேலாக வழக்கத்தில் உள்ள முறை இது. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்துகிறார். மற்றவர்கள் வகுப்புக்குள் நின்று கவனிக்கிறார்கள். நடத்துபவரை அல்ல, மாணவர்களை. எந்தக் குழந்தை எப்போது பென்சிலை வைத்துவிட்டது, யார் யாரிடம் கேட்டது, எந்தக் கேள்விக்குப் பின் பேச்சு எழுந்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். பிறகு உட்கார்ந்து பேசிப் பாடத்தைத் திருத்துகிறார்கள். முன்பு சொன்ன மதிப்பீட்டுப் படிவத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். இங்கே பாடம் எல்லோருக்கும் பொது. ஆகவே குறையைச் சுட்டும்போது தனிஒருவர் கூசிப்போவதில்லை. எனக்குத் தெரிந்தவரை, குறைந்த செலவில் நிறைய மாற்றம் தரக்கூடியது இதுவே.

3. மதிப்பீடு. எழுத்துத் தேர்வு மட்டுமல்லாமல், மாணவ ஆசிரியர் நடத்திய பாடங்களின் பதிவு, மாணவர்களின் வேலை மாதிரிகள், ‘இந்த இடத்தில் தவறினேன், அடுத்த நாள் இப்படி மாற்றினேன்’ என்ற குறிப்புகள் அடங்கிய தொகுப்பையும் மதிப்பிடுவது.

4. விழுமியம். சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகம் 2009இல் வகுத்த ஆசிரியர் கல்வி மாதிரி, விழுமியம், திறன், அறிவு மூன்றையும் சேர்த்தே நோக்குகிறது. விழுமியத்துக்கு அதில் முதலிடம்.

## தடம் மாறும் இடங்கள்

முழுமைக் கல்வியின் பெயரால் நுழையும் தவறான கருத்துகளில் தலையாயது ‘கற்றல் பாணி’. ஒரு குழந்தை பார்த்துக் கற்கும், ஒரு குழந்தை கேட்டுக் கற்கும், ஒரு குழந்தை செய்து கற்கும். அவரவர் பாணிக்கேற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்ற கருத்து பயிற்சிகளில் அதிகம் பரவியிருக்கிறது. இதற்கான சான்றுகளை ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட உளவியலாளர்கள் நால்வர் 2008இல் ஆராய்ந்து, போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். நுண்ணறிவு ஒன்றல்ல, பல வகை என்னும் பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை 1983இல் முன்வைத்த உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னரே, அதுவும் கற்றல் பாணியும் ஒன்றல்ல என்று விளக்கியிருக்கிறார். குழந்தைகளை மூன்று பெட்டிகளில் பிரித்து முத்திரை குத்துவது முழுமைக்கு நேர் எதிர்த்திசை. பின்னத்தை எல்லாக் குழந்தைகளும் பார்க்கவும் பேசவும் மடிக்கவும் வேண்டும்.

இரண்டாவது, பட்டியலாக்கம். ‘பரிவு காட்டினார்: ஆம் / இல்லை’ என்று படிவத்தில் ஒரு கட்டம் சேர்ந்தால், பரிவு காட்டுவதாக நடிப்பது பயிற்சியாகிவிடும்.

மூன்றாவது, சுமை. நாற்பது ஐம்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரின் மனத்தையும் கவனி என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, அவருக்கு நேரமோ துணையோ கொடுக்காமல் இருப்பது அநீதி. ஆசிரியரையும் ஒரு முழு மனிதராகக் கருதாத அமைப்பால் குழந்தையை அப்படிக் கருத முடியாது.

இதற்கெல்லாம் பின்னணியில் ஓர் எண் நிற்கிறது. 2030க்குள் உலகுக்குக் கூடுதலாக 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்பது யுனெஸ்கோவின் மதிப்பீடு. பற்றாக்குறை மிகுந்தால் பயிற்சியைச் சுருக்கத் தோன்றும். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது பள்ளியில் கழிக்கும் காலமும் வழிகாட்டி ஆசிரியரோடு பேசும் நேரமும்தான். விரிவுரையை வெட்ட வேண்டியதில்லை. ஒரே அறையில் இன்னும் நூறு பேரை உட்காரவைத்தால் போதும். பற்றாக்குறையை நிரப்பும் வழியே 13,000 மணி நேரப் பழக்கத்தை வலுப்படுத்தும் வழியாகவும் ஆகும் ஆபத்து இதில் இருக்கிறது.

## பயிற்றுநர் எங்கே நிற்கிறார்

எஞ்சியிருப்பது ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் பயிற்றுநர். அவருக்கென்று தனிப் பயிற்சி பெரும்பாலும் இருப்பதில்லை. பட்டமும் ஆய்வும் அவரை அங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன; குழந்தைகளுக்கு வகுப்பெடுத்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். அவர் மாணவ ஆசிரியர்களிடம் ‘காத்திருங்கள், கேளுங்கள், தவறைத் திறந்து பாருங்கள்’ என்று சொல்வதைவிட, அவர்கள் கண்முன்னே செய்வதற்கு மதிப்பு அதிகம்.

சில இடங்களில் அதைச் செய்கிறார்கள். பயிற்றுநரே ஒரு பள்ளி வகுப்பில் பின்னம் நடத்துகிறார். மாணவ ஆசிரியர்கள் ஆளுக்கு இரண்டு குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கிறார்கள். பாடம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்காருகிறார்கள். “நீங்கள் கேள்வி கேட்டபோது மூன்றாம் வரிசையில் இருந்த பெண் கையைத் தூக்க வந்து இறக்கிவிட்டாள்; நீங்கள் அதற்குள் அடுத்தவனைக் கூப்பிட்டுவிட்டீர்கள்” என்று ஒரு மாணவ ஆசிரியர் சொல்கிறார். பயிற்றுநர் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, “நாளை அதே வகுப்பு இருக்கிறது. அவளிடமிருந்து தொடங்குகிறேன், வந்து பாருங்கள்” என்கிறார்.